ஆயுத பூஜைக்குக் குளித்த புஷ்கள்

முதலில் ஒரே ஒரு மோட்டார்தான் கத்தியது.

சோதனை மேஜையில் இருபது மோட்டார்களை வரிசையாக மாட்டிச் சுவிட்சைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். தயிர்சாதம், மாவடு. முதல் வாய் உள்ளே போகவில்லை, நாலாவது மோட்டாரிலிருந்து 'கீய்ய்' என்று ஒரு சத்தம். கதவுக் கீல் துருப்பிடித்தால் வருமே, அந்தச் சத்தம். எழுந்து போய்ச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினேன். நின்றது. மறுபடி வந்து உட்கார்ந்தேன். இப்போது ஒன்பதாவது ஆரம்பித்தது.

சாப்பிட்டு முடிப்பதற்குள் ஏழு மோட்டார்கள் சேர்ந்துகொண்டன. கை கழுவிவிட்டு வந்தபோது பதினொன்று. இரண்டு மோட்டார்கள் கத்துவதைக்கூட விட்டுவிட்டு இறுகிப்போய் நின்று, தொட முடியாமல் சுட்டன. வார்னிஷ் கருகுகிற வாசனை பட்டறை முழுக்கப் பரவியது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை முடிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். முதலாளி கபூர் பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை காலையில் திருச்சியிலிருந்து ஏர்கூலர் கம்பெனிக்காரர் சரக்கைப் பார்க்க வருகிறார். கூலருக்குள் தண்ணீரை மேலே ஏற்றுகிற சின்ன மோட்டார், உள்ளங்கையில் அடங்குவது. முந்நூறு கேட்டிருந்தார்கள். முந்நூறையும் பூட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப்பும் ஒட்டியாகிவிட்டது.

பாய் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். ஒரு செருப்பைத்தான் கழற்றினார். இன்னொன்று காலில் இருக்க, அப்படியே நின்று காது கொடுத்துக் கேட்டார்.

"என்னம்மா இது, ரைஸ் மில்லா வச்சிருக்கோம் நாம?" என்றார்.

ஆறு மாத லீவு

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கீழப்பழுவூர்க்காரி. திருச்சியில் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் வீட்டில் இட்லிக்கு மாவரைத்துக்கொண்டிருந்தவள். வாய் கொஞ்சம் நீளம். அப்பா அடிக்கடி சொல்வார், "ஒனக்கு மார்க்கு கொறஞ்சதுக்குக்கூட வாத்தியாரத்தான் திட்டுவ" என்று. உண்மைதான்.

கபூர் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். அந்த ஊர் ஆண்கள் பலரையும் போல அவரும் துபாய்க்குப் போனவர். ஒன்பது வருடம் அங்கே ஃபேன், கூலர் மோட்டார்களைப் பழுது பார்க்கிற கடையில் இருந்தார். ஆறு மாத லீவில் ஊருக்கு வந்தவர், "அடுத்தவன் செஞ்ச மோட்டாரையே எத்தனை நாளைக்குப் பிரிச்சிக்கிட்டு இருக்கறது" என்று பெரம்பலூரில் துறைமங்கலம் பக்கம் ஒரு தகரக்கூரை ஷெட்டை வாடகைக்கு எடுத்துவிட்டார்.

இன்டர்வியூ என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. எரிந்துபோன ஒரு மோட்டாரை என்முன் வைத்து, "இது ஏன் எரிஞ்சுச்சு, சொல்லும்மா" என்றார். பிரித்துப் பார்த்தேன். "உள்ள பல்லி பாய்" என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

தினமும் கீழப்பழுவூரிலிருந்து அரியலூர் வந்து, அங்கே பஸ் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டு பெரம்பலூர் போய்ச் சேர்வேன். அப்போது அரியலூரும் பெரம்பலூரும் ஒரே மாவட்டம். பிறகு பிரித்தார்கள். மறுபடி சேர்த்தார்கள். மறுபடியும் பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஆபீஸ்களில் போர்டு மாற்றினார்கள், லெட்டர்பேடு மாற்றினார்கள். எனக்கு மட்டும் அதே பஸ், அதே ஜன்னலோரம், அதே புழுதி.

விஷயத்துக்கு வருகிறேன். துபாய் விசாவுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது செத்துப்போகும். பாயின் ஆறு மாதம் அடுத்த வாரம் சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்கு முந்திய வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தார். முந்நூறு மோட்டாரும் தேறினால் திருச்சிக் கம்பெனி வருடம் முழுக்க வேலை தரும், அவர் இங்கேயே இருந்துவிடலாம். தேறாவிட்டால் ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான். இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. எட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள், எல்லோருக்கும் தெரியும்.

அவர் மனைவி மெகர் அக்கா பட்டறையிலிருந்து நாலு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருந்தார். சாயங்காலம் டீ ஃபிளாஸ்க்கோடு வருவார். 'இவர் இருந்துருவாரா' என்று எங்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை. "இன்னைக்கு எத்தனை மோட்டாரு முடிஞ்சுச்சு?" என்று மட்டும் கேட்பார். தினமும் கேட்பார்.

என் கெட்டிக்காரத்தனம்

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன். மோட்டார்கள் ஏன் கத்துகின்றன என்று பாய்க்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதுதான் பயமாக இருந்தது.

மோட்டாருக்குள் சுற்றுகிற தண்டு, அதாவது ஷாப்ட், இரண்டு பக்க மூடியிலும் தலா ஒரு வெண்கல வளையத்துக்குள் உட்கார்ந்து சுற்றும். அந்த வளையத்துக்குப் பெயர் புஷ். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஷாப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி வேண்டும். கூடினால் மோட்டார் ஆடும், சத்தம் போடும். குறைந்தால் பிடித்துக்கொள்ளும்.

முதலில் அனுப்பிய சாம்பிளைப் பார்த்த திருச்சிக்காரர், "எல்லாம் சரிங்க, சத்தம் கொஞ்சம் கம்மியா இருந்தா நல்லாருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அந்த மோட்டாரின் கணக்கு முழுக்க நான் போட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யாரையும் கேட்காமல் அந்த இடைவெளியை இன்னும் குறைத்தேன்.

பாய் அப்போதே சொன்னார். "பாத்தும்மா, ரொம்ப இறுக்கிப்புடாத."

"கணக்குப் போட்டுத்தான் செய்றேன் பாய்" என்று நான் வெடுக்கென்று பதில் சொன்னேன்.

அந்த வெடுக்கெல்லாம் இப்போது எங்கே போயிற்றோ தெரியவில்லை. கத்துகிற மோட்டார்களை அணைத்துவிட்டு அவர்முன் போய் நின்றேன். "இடைவெளியைக் கொறைச்சது நான்தான் பாய். முந்நூறும் இப்படித்தான் இருக்கும். என் தப்பு" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. காலில் இருந்த இன்னொரு செருப்பையும் கழற்றி வைத்தார்.

"சரி விடும்மா. எனக்குன்னா விசா இருக்கு. நீதான் வேற எடம் பாக்கணும். திருச்சியில தெரிஞ்ச ஆளு இருக்காங்க, சொல்லிவுட்டுப் போறேன்" என்றார்.

திட்டியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். இதற்கோ அழுகை வந்துவிட்டது. தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போய் முகத்தைக் கழுவினேன். கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது.

சிவப்புப் பொடி

அழுது முடித்ததும் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். திரும்பி வந்து, இறுகிப்போன ஒரு மோட்டாரை வெடவெடவென்று பிரித்தேன்.

ஷாப்டின் நுனியில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. வெண்கலம் தேய்ந்த பொடி என்று முதலில் நினைத்தேன். ஆனால் வெண்கலப் பொடி இவ்வளவு சிவப்பாக இருக்காது. விரலில் எடுத்து முகர்ந்தேன். கோயில் வாசனை அடித்தது.

இன்னொரு மோட்டாரைப் பிரித்தேன். அதிலும் இருந்தது. கூடவே கொஞ்சம் சந்தனம்.

எங்கள் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூஜை போடலாமா என்று பெண்கள் தயங்கித் தயங்கித்தான் பாயிடம் கேட்டார்கள். "ஒங்க கை படுற சாமானு. நீங்க கும்புட்டுக்குங்க. பொரிகடலைல மட்டும் எனக்குத் தனியா ஒரு பொட்டலம் கட்டி வச்சிருங்க, நாட்டுச்சக்கர நெறையப் போட்டு" என்றார் அவர். நான் அன்று ஊரில் இருந்தேன், இரண்டு நாள் லீவு. முன்நின்று எல்லாம் செய்தவர் செல்வமணி அக்கா. கல்லங்குறிச்சிக்காரர், நாற்பது வயதிருக்கும், என்னோடு அரியலூரிலிருந்து அதே பஸ்ஸில் வருவார். கை வேலையில் அவ்வளவு சுத்தம். அவர் பூட்டிய மோட்டாரில் ஒரு ஸ்குரூகூடக் கோணலாக இருக்காது.

"அக்கா, புஷ்ஷுக்கெல்லாம் குங்குமம் வச்சீங்களா?" என்று கேட்டேன்.

"வச்சோம் கண்ணு. டிரில்லு, வைஸு, சுத்தி, எதையும் வுடல. புஷ்ஷு எரநூறு முந்நூறுன்னு நெனச்சோம், பாத்தா அறுநூறு இருக்கு. எட்டுப் பேரும் ஒக்காந்து ஒண்ணொண்ணுக்கும் பொட்டு வச்சோம்."

"வைக்கிறதுக்கு முன்னாடி கழுவுனீங்களா?"

"பின்ன? அம்புட்டும் எண்ணெப் பிசுக்கு. அப்புடியே வச்சா சாமிக்கு என்ன மரியாதை? மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, சோப்புத்தூள் போட்டு அலசி, புளி வச்சுத் தேச்சோம். அப்பறம் தகரத்துல கொட்டி வெயில்ல காயவச்சோம். தங்கமாட்டம் ஆயிருச்சுல்ல? நீ வந்து ஒண்ணுமே சொல்லலியேன்னு எனக்கு ஒரு வருத்தம்."

கத்தலுக்குக் காரணம் புரிந்துவிட்டது.

புஷ் என்பது சாதாரண வெண்கலம் இல்லை. வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்வது. உள்ளே பஞ்சு மாதிரி பொடிப் பொடியாகத் துளைகள் இருக்கும். அந்தத் துளைகளில் எண்ணெயை ஊறவைத்துத்தான் அனுப்புவார்கள். மோட்டார் ஓடிச் சூடானால் அந்த எண்ணெய் கசிந்து வந்து ஷாப்டை நனைக்கும், நின்றால் மறுபடி உள்ளே போய்விடும். காலம் முழுக்க வேறு எண்ணெய் விட வேண்டாம். அந்தப் பிசுக்குதான் அதற்கு உயிர். எட்டுப் பெண்கள் ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டு அந்த உயிரைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்திருந்தார்கள்.

"நாலஞ்சு மாசமா புஷ் மாட்டுறீங்க, இதுகூடத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன்.

"சொன்னாத்தான கண்ணு தெரியும்" என்றார் செல்வமணி அக்கா. சத்தம் போடாமல்தான் சொன்னார்.

இடைவெளி எவ்வளவு, எவ்வளவு அழுத்த வேண்டும், எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அந்த எண்ணெய் எதற்கு என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரிந்திருக்கும் என்ற நினைப்பு.

பாய் எங்களையே மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறமும் சிரித்தார். "ஒம்பது வருசம் துபாயில எத்தனையோ நாட்டுக்காரனோட வேலை பாத்தேன். புஷ்ஷக் குளிப்பாட்டிப் பொட்டு வச்சவன் ஒருத்தன் கெடையாதும்மா" என்றார். செல்வமணி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிற்பாடு சொன்னார்.

கல்யாணத் தேக்சா

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, புஷ் அனுப்புகிற கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க, கழுவீட்டிங்களா?" என்றார் மெதுவாக. பிறகு வழியும் சொன்னார். நல்ல மெஷின் எண்ணெயைச் சூடுபண்ணி, அதில் போட்டு வைக்க வேண்டும். துளைக்குள் இருக்கிற காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியே வரும். குமிழ் நின்றதும் அடுப்பை அணைத்துவிட்டு, அந்த எண்ணெயிலேயே ஆறவிட வேண்டும். ஆற ஆறப் புஷ் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். "ஆனா தண்ணி கொதிக்கிற சூட்டுக்கு மேல போக உட்றாதீங்க" என்றார்.

பாய் அன்றைக்கே திருச்சி பஸ் ஏறி, கோயம்புத்தூர்க்காரர் சொன்ன எண்ணெயை டின் டின்னாக வாங்கிவந்தார். பூட்டிய மோட்டாரிலிருந்து புஷ்ஷை உருவினால் கெட்டுவிடும். மூடியோடு சேர்த்துத்தான் எண்ணெயில் போட வேண்டும். அறுநூறு மூடி. எந்தப் பாத்திரத்தில் போடுவது?

சனிக்கிழமை காலையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முன்னால் டிரைவர். பின்னால் ஒரு தேக்சா, அதன் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு மெகர் அக்கா. நூறு பேருக்குப் பிரியாணி ஆக்குகிற தேக்சா அது.

பாய் பதறிவிட்டார். "இது ஒங்க வூட்டுல கல்யாணத்துக்குக் குடுத்ததுல்ல? இந்த எண்ணெ நாத்தம் ஏறுனா அப்பறம் இதுல ஒண்ணும் ஆக்க முடியாது."

"ஆக்க வேணாம்" என்றார் மெகர் அக்கா. "யாருக்கு ஆக்கறது? நீங்கதான் ஊர்லயே இருக்கறதில்லியே."

பாய் தேக்சாவை இறக்கிவைத்தார். கல் வைத்து அடுப்பு கூட்டினோம். நான் தெர்மாமீட்டருக்கு எங்கே போவது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். "தள்ளும்மா, நீ படிச்ச படிப்புல நெருப்பு வராது" என்று என்னை நகர்த்திவிட்டு, மெகர் அக்கா ஒரு வெங்காயத்தை நறுக்கி எண்ணெயில் போட்டார். வெங்காயம் சும்மா மிதந்தது. "இது சொய்யுன்னு சொன்னா விறகை இழுத்துரணும். சொல்லாம இருந்தா சூடு சரி" என்றார். தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு மேல் போனால்தான் வெங்காயம் சொய்யென்னும். கோயம்புத்தூர்க்காரர் கேட்ட சூடு அதற்குக் கீழே. எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத தெர்மாமீட்டர் அது.

முதல் ஈட்டு மூடிகளை இறக்கினோம். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு புஷ்ஷிலிருந்தும் மெல்லிய சரம் சரமாகக் குமிழ்கள் கிளம்பின. பெண்கள் எட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். "அடியாத்தி, இம்புட்டு ஓட்டையா இருந்துச்சு இதுக்குள்ள" என்றார் செல்வமணி அக்கா. அந்த இரண்டு நாளும் மூடியைக் கழற்றிக் குங்குமத்தைத் துடைக்கிற வேலையை அவர் வேறு யாருக்கும் விடவில்லை. கழற்றும்போது "மன்னிச்சுக்க", பூட்டும்போது "நல்லா ஓடு" என்று ஒவ்வொரு மோட்டாரிடமும் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இருபது மோட்டார்களை மேஜையில் மாட்டினேன். சுவிட்சைப் போட எனக்குக் கை வரவில்லை. செல்வமணி அக்காதான் போட்டார்.

என் இடைவெளியில் ஒரு குற்றமும் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. திங்கட்கிழமை வந்த திருச்சிக்காரர் மேஜைமேல் குனிந்து, "சுவிட்ச் போட்டாச்சுங்களா?" என்று கேட்டார். மோட்டார்கள் பத்து நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை

திருச்சிக்காரர் பெட்டிகளிலிருந்து தன் கையாலேயே இருபது மோட்டார்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார். திருச்சியில் அதை ஐந்து நாள் நிறுத்தாமல் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். சனிக்கிழமை போன் வரும். பாயின் டிக்கெட்டோ வியாழக்கிழமைக்கு.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை போன் வந்தது, இருபதும் தேறின. ஆனால் நான் எழுத வந்தது வியாழக்கிழமையைப் பற்றி. அன்று யாருக்கும் எதுவும் தெரியாது.

காலையில் பாய் எங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தார். எங்கள் மேஜையிலும் இருபது மோட்டார்கள் மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின்மேலும் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். வேன் வந்து ஹாரன் அடித்தது. சென்னை ஏர்போர்ட்டுக்குப் போகிற வேன், உள்ளே அவர் ஊர்க்காரர்கள் மூன்று பேர். வீட்டுக்குப் போய் அவருடைய சூட்கேஸையும் மெகர் அக்காவையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

பாய் வெளியே போனார். சூட்கேஸை இறக்கிக் கீழே வைத்தார். "நீங்க கெளம்புங்கப்பா. நான் வரல" என்றார்.

வேனுக்குள் இருந்தவர்கள் ஏதேதோ சொன்னார்கள். விசா போயிடும் என்றார் ஒருவர், இப்போது விட்டால் மறுபடி கிடைக்காது என்றார் இன்னொருவர். பாய் கையை மட்டும் ஆட்டினார். வேன் போய்விட்டது.

நான்தான் வாய் பொறுக்காமல் கேட்டேன். "சனிக்கெழம போன் வரும்ல பாய். அது தெரியாம ஏன் இப்புடி?"

"ஒவ்வொரு லீவுக்கும் ஒரு காரணம் கெடைச்சா இருந்துருவோம்னுதான் வந்தேன்மா. காரணத்துக்குக் காத்துக்கிட்டு இருந்தே ஒம்பது வருசம் போச்சு" என்றார். "தேறலன்னா வேற புஷ்ஷு போடுவோம்."

மெகர் அக்கா வேனிலிருந்து இறங்கி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தார். நின்று திரும்பினார்.

"மத்தியானம் எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டார்.

பாய்க்குப் புரியவில்லை. "எங்க?"

"வூட்டுக்குங்க, சாப்பாட்டுக்கு. கல்யாணம் ஆன நாளா எந்த மாசம் வருவீங்கன்னே கேட்டுட்டு இருந்துட்டேன். எத்தனை மணிக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

பாய் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். திரும்பாமலே, "ஒன்றரைக்கு" என்றார்.

அன்று அவர் பட்டறையை விட்டுக் கிளம்பும்போது இரண்டே கால். ஆறிப்போன சோற்றுக்காக வீட்டில் விழுந்த திட்டை மறுநாள் காலையில் அவரே எங்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். வாங்கிய திட்டை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.